தம்பி எழுதித் தந்த வாக்கியங்கள்

டத்தோ கிராமட் ரோடு, பினாங்கு
9 ஆகஸ்ட் 1931

அன்புள்ள நல்லம்மாளுக்கு,

சற்குணம் எழுதுகிறேன். நானும் மகள் மங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஈப்போவில் நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி? உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

உடம்புதான் சுகம், மனம் கொதிக்கிறது. என் தம்பி விநாசித்தம்பியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நீ இருப்பதால் உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை மிஸ் எல்வுட்டுக்குப் பிரியாவிடை. அங்கே தையல் ஆசிரியையாக இருக்கும் யோகலட்சுமியை உனக்குத் தெரியும், தம்பி பெண்சாதியின் தங்கை. ஆறு வருடமாக அவள் வீட்டில்தான் நான் சமைத்துப் போடுகிறேன். நான் பொரித்த வடையைத் தான் பொரித்ததாகச் சொல்ல அவள் முன்னால் போக, சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். மிஸ் எல்வுட் துரைசாணி என் கையைப் பிடித்து இங்கிலீசில் என்னவோ கேட்டார். மங்கை எனக்குத் தமிழில் சொன்னாள்:

"அம்மா, நீங்கள் அண்டைக்கு ஏன் எங்களிட்டை வர மறுத்தனீங்கள் எண்டு கேக்கிறா."

நான் எங்கே மறுத்தேன்? எதை மறுத்தேன்? துரைசாணி அலுமாரியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். இங்கிலீசு. தம்பியின் கையெழுத்து. அடியில் தமிழில் "சற்குணம்" என்று நானே வைத்த ஒப்பம். ஆறு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் செத்த முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் தம்பி வந்திருந்தான். "துரைசாணி அனுதாபம் தெரிவிச்சு எழுதியிருக்கிறா அக்கா. நன்றி சொல்லி எழுதிப்போட்டன், கீழை கையெழுத்தை வையுங்கோ" என்றான். வைத்தேன். நம் சனத்தில் இங்கிலீசு எழுதத் தெரிந்தவன் காகிதத்தை நீட்டினால் யார்தான் வாசித்துக் காட்டு என்று கேட்கிறோம்?

துரைசாணி அன்றைக்கு எழுதியது அனுதாபம் மட்டுமில்லை. தையல் வகுப்புக்கு என்னை அழைத்திருக்கிறார். மங்கைக்கு விடுதியில் இடமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி என் பெயரில் எழுதிய பதிலை மங்கை வாசித்துக் காட்டினாள். எனக்கு வர விருப்பமில்லையாம், சகோதரனின் பராமரிப்பில் வீட்டோடு இருக்கத் தீர்மானித்துவிட்டேனாம், எனக்குப் பதிலாக யோகலட்சுமியை எடுக்கலாமாம்.

என் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சமைக்க என்னை அனுப்பினான், நல்லம்மாள்!

ஜனவரியில் விடுதிக்கு ஒரு மேற்பார்வைக்காரி வேண்டுமாம். புதுத் தலைமை ஆசிரியைக்கு இங்கிலீசில் சொந்தக் கையால் விண்ணப்பம் எழுத வேண்டும், நேரில் நாலு வார்த்தை பேசவும் வேண்டும். பெரிய படிப்பு தேவையில்லை என்றார் மிஸ் எல்வுட். பிள்ளைகள் வீட்டுக்குப் போக ஆசைப்படும், குளிக்க மறக்கும், சாப்பிட மறுக்கும், இனிச் செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கும். விடுதியில் நாள் முழுக்க நடப்பது அவ்வளவுதான், அதைச் சொல்லத் தெரிந்தால் போதும் என்றார்.

எழுத்துக்களை மங்கை எப்போதோ சொல்லித் தந்துவிட்டாள், மீதியையும் அவளே கற்றுத் தருவாள். ஆனால் நான் தம்பியிடம்தான் கற்க வேண்டும். என்னை வெளியே தள்ளிய அதே பேனா என்னை உள்ளே கூட்டிப்போக வேண்டும்.

இதை வாசித்ததும் அடுப்பில் போடு. பதிலை யோகலட்சுமி கையில் படாமல், சௌராஸ்தா பாசாரில் காகிதக்கடை வைத்திருக்கும் அப்துல் அஜீஸ் கடை விலாசத்துக்கு அனுப்பு.

உன் சிநேகிதி,
சற்குணம்

*

பினாங்கு
12 ஆகஸ்ட் 1931

என் அருமைத் தம்பி விநாசித்தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். யோகலட்சுமியும் பிள்ளைகளும் நலம். உன் பெண்சாதிக்கு நாலாவது மாதம் என்று அறிந்தேன். புளிப்பைக் குறைக்கச் சொல். உன் நெஞ்செரிவு எப்படி இருக்கிறது?

உனக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு படிக்க ஆசை. டாக்டரிடமும் பாசாரிலும் ஊமை மாதிரி நிற்க வெட்கமாக இருக்கிறது. "எனக்கு இது செய்ய விருப்பம்", "அது செய்ய மறந்துவிட்டேன்" என்கிற மாதிரி அன்றாடம் பேசும் வாக்கியங்கள் போதும். ஒரு ஒபீசையே ஆளுகிற பெரிய கிளாக்கர் தம்பியாக இருக்கும்போது நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

உன் அன்பு அக்கா,
சற்குணம்

*

ஈப்போ
20 ஆகஸ்ட் 1931

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன், சிரிக்கவும் செய்தேன். முப்பத்தெட்டு வயதில் கல்வி! இருக்கட்டும், நல்ல ஆசை. முறையாகவே தொடங்குவோம்.

நாம் "போக விரும்புகிறேன்" என்கிறோம். செயல் முன்னே வரும், விருப்பம் பின்னே வரும். ஆங்கிலேயனுக்கு விருப்பம்தான் முதலில். "ஐ வான்ட்" என்று தொடங்கி, "டு" என்ற சிறு சொல்லை வைத்து, "கோ" என்று முடிப்பான். ஐ வான்ட் டு கோ. "டு"வுக்குப் பின்னால் வரும் வினையில் காலம் ஏறாது. நேற்று, இன்று என்ற பாரத்தை முன்னால் நிற்கும் வினையே சுமக்கும். ஐ வான்டெட் டு கோ என்றால் போக விரும்பினேன். இதே அச்சில் "ஹோப்" நம்பிக்கை, "ப்ராமிஸ்" வாக்குறுதி, "ஃபர்கெட்" மறதி. ஒவ்வொன்றிலும் ஐந்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

இன்னொரு விஷயம். மார்கழியில் பள்ளி மூடியதும் மங்கையை இங்கே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். பிரசவ வீட்டில் ஒரு கை வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் படித்தது போதாதா?

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
க. விநாசித்தம்பி

*

பினாங்கு
2 செப்டம்பர் 1931

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். எல்லோரும் நலம்.

உன் பாடத்தைத் தலைகீழாகப் பாடமாக்கிவிட்டேன். செயலுக்குப் பின்னால்தான் நம் விருப்பம் வரும் என்று எழுதியிருந்தாயே, மிகச் சரி. எனக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் என் விருப்பம் என்ன என்று ஊருக்கே ஞாபகம் வரும்.

அப்துல் அஜீஸ் கடையில் போய் "ஐ வான்ட் டு பை இங்க்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அக்கா, தமிழ்லயே கேளுங்க லா. எப்படிக் கேட்டாலும் இங்க் தீந்து போச்சு" என்றார்.

வாக்கியங்கள் இவை. ஐ ஹோப் டு லேர்ன். ஐ ப்ராமிஸ் டு ரிமெம்பர். யூ ஃபர்காட் டு டெல் மி. கடைசி வாக்கியம் சரியா? "நீ எனக்குச் சொல்ல மறந்துவிட்டாய்" என்று எழுத நினைத்தேன்.

மறுப்பதற்கு என்ன சொல்? ஒருவர் இன்னொருவரைச் செய்யச் சொன்னார் என்பதற்கு எப்படி எழுதுவது?

மங்கையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அக்கா

*

ஈப்போ
10 செப்டம்பர் 1931

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். நெஞ்செரிவு தணிந்தது. வாக்கியங்கள் மூன்றும் பிழையில்லை. ஞாயிறுதோறும் கடிதம், மனு எழுதுவிக்க என் வீட்டு முன் விறாந்தையில் வந்து காத்திருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டினேன், எல்லோரும் வியந்தார்கள்.

மறுப்பதற்கு "ரெஃப்யூஸ்". ஐ ரெஃப்யூஸ் டு கோ. ஆனால் அது முரட்டுச் சொல், பெண்களுக்கு ஆகாது. "ஐ ஆம் அனேபிள் டு கோ", அதாவது "என்னால் போக இயலவில்லை" என்று தணிவாகச் சொல்லுங்கள்.

ஒருவரைச் செய்யச் சொல்வதற்கு நடுவில் அந்த ஆளை நிறுத்த வேண்டும். ஹி ஆஸ்க்ட் மி டு ஸிட். அவர் என்னை உட்காரச் சொன்னார். மற்ற வினைகளையும் இப்படியே மாற்றி மாற்றிப் போட்டுப் பழகுங்கள்.

மார்கழி ரயிலுக்கு மங்கையைத் தயார் செய்யுங்கள்.

தம்பி,
க. விநாசித்தம்பி

*

ஈப்போ
27 செப்டம்பர் 1931

அன்புச் சற்குணத்துக்கு,

நல்லம்மாள். கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது, என் வாய்க்கு ஒன்றும் வரவில்லை. நீ சாப்பிடுகிறாயா? கோபத்தில் பட்டினி கிடக்காதே.

உன் தம்பி உன் கடிதத்தைச் சனத்துக்கு நடுவில் வாசித்தது உண்மைதான். வியந்தார்கள் என்று உனக்கு எழுதினானா? நான் அவன் வீட்டு மதிலுக்கு வெளியே நின்று கேட்டேன். "வயசு போன நேரத்திலை அக்காவுக்கு இங்கிலீசு ஆசை வந்திட்டுது, பாருங்கோ. நாளைக்கு கவர்னருக்கே கடிதம் போடுவா" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? ஆளுக்கொரு காகிதம் எழுத வேண்டும், சிரிக்காவிட்டால் யார் எழுதித் தருவது?

இங்கே நம் சனத்தின் சங்கத்துக் காரியதரிசி பதவிக்கு நிற்கிறான். டிசம்பர் 13ஆம் தேதி பொதுக்கூட்டம். மங்கை வருகிறாள் என்று சமையலறையில் பாயும் தலையணையும் எடுத்து வைத்தாகிவிட்டது.

அவளை அனுப்பிவிடாதே. என்ன செய்தாலும் சரி, அவளை மட்டும் அனுப்பாதே.

நல்லம்மாள்

*

பினாங்கு
10 அக்டோபர் 1931

அன்புத் தம்பிக்கு,

இங்கு மழை. எல்லோருக்கும் தும்மலும் தடிமனும், எனக்கு மட்டும் இல்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

நடுவில் ஆளை நிறுத்தும் பாடம் அருமை. நன்றாகப் பழகிவிட்டேன். கீழே உள்ளவற்றைத் திருத்தி அனுப்பு.

ஐ டிட் நாட் ரெஃப்யூஸ் டு கம். நான் வர மறுக்கவில்லை. ஐ வான்டெட் டு வொர்க். நான் வேலை செய்ய விரும்பினேன். மை பிரதர் ஆஸ்க்ட் மி டு சைன். என் சகோதரன் என்னை ஒப்பமிடச் சொன்னான்.

பிழை இருந்தால் தயங்காமல் சிவப்பு மையால் எழுது.

அக்கா

*

ஈப்போ
21 நவம்பர் 1931

அக்கா அவர்களுக்கு,

வேலை மிகுதியால் ஆறு வாரம் பதில் எழுத முடியவில்லை. இந்த நேரத்தில் பாடம் வேண்டாம். தங்களுக்கும் வீட்டு வேலை இருக்கும்.

இத்துடன் ஒரு காகிதம் இருக்கிறது. மங்கைக்குப் பள்ளியில் கண் பரிசோதனை செய்யச் சம்மதம். வழக்கம்போல் கீழே தமிழில் ஒப்பமிட்டு, மடித்து, யோகலட்சுமியிடமே கொடுத்துவிடுங்கள். அவள் பள்ளியில் சேர்ப்பிப்பாள்.

விநாசித்தம்பி

*

பினாங்கு
24 நவம்பர் 1931

விநாசித்தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்று இந்த முறை கேட்கவில்லை.

உன் காகிதத்தை நானே வாசித்தேன். மங்கையிடம் கொடுக்கவில்லை, ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அகராதி எடுத்தேன். ஐ விஷ் டு வித்ட்ரா மை டாட்டர். என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன் என்று நான் சொல்வதாக எழுதியிருக்கிறாய். கண் என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு தரம் செய்தாய், புருஷனைப் பறிகொடுத்த மயக்கத்தில் இருந்தேன், ஏமாந்தேன். அதே தந்திரத்தை அதே ஆளிடம், அதுவும் உன் கையாலேயே எழுத்துக் கற்றவளிடம் காட்டுகிறாயே, உனக்கு என்ன துணிச்சல்? அல்லது என்னை அவ்வளவு மக்கு என்று நினைத்தாயா?

1925இல் நீ எழுதிய கடிதம் ஆகஸ்டிலிருந்து என் பெட்டியில் இருக்கிறது. நீ பாடம் எழுதிய ஒவ்வொரு நாளும் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உன் பாடத்தைப் படித்தேன். உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இது. என் ஆறு வருடத்தை அடுப்பில் போட்டாய். மங்கையின் வருடங்களைத் தொட விடமாட்டேன்.

விடுதி வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஒரு முறை வர மறுத்தவளை எப்படி நம்புவது என்று புதுத் தலைமை ஆசிரியை கேட்கிறார். நியாயம்தானே? நீ அவருக்கு எழுத வேண்டும். அன்று அக்கா மறுக்கவில்லை, அவளுக்குத் தெரியாமல் நான் மறுத்தேன் என்று, உன் கையால், உன் பெயரைப் போட்டு. டிசம்பர் 5ஆம் தேதிக்குள் அது வராவிட்டால் உன் இரண்டு காகிதங்களும் 13ஆம் தேதி சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படும். வந்துவிட்டால் கூட்டத்துக்குக் கொடுக்கமாட்டேன்.

சற்குணம்

*

ஈப்போ
28 நவம்பர் 1931

என் அக்கா,

எழுதி அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டபடியே எழுதினேன். மூன்று முறை கிழித்து எழுதினேன்.

என்னை ராட்சசன் என்று நினைக்காதீர்கள். விதவைத் தமக்கையை வெள்ளைக்காரி பள்ளிக்கு வேலைக்கு அனுப்பினான், சோறு போட வக்கில்லாதவன் என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன். என் மனைவியும் தன் தங்கைக்கு அந்த இடம் வேண்டும் என்று நச்சரித்தாள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் திருப்தியாக இருக்கிறீர்கள் என்று நம்பிவிட்டேன். மங்கையை அனுப்பும்படி இனிக் கேட்கமாட்டேன்.

இரண்டு காகிதங்களையும் எரித்துவிடுவதாக ஒரு வார்த்தை வாக்குக் கொடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி

*

மிஷன் பெண்கள் விடுதி, பினாங்கு
10 ஜனவரி 1932

அன்புள்ள நல்லம்மாளுக்கு,

விலாசத்தைப் பார்த்தாயா? முதலாம் தேதியிலிருந்து இங்கேதான். எனக்கும் மங்கைக்கும் கடல் பக்கம் ஜன்னல் வைத்த அறை. முப்பத்திரண்டு பிள்ளைகள், பாதிப் பேருக்குப் பேன். யோகலட்சுமி தானே சமைக்கிறாளாம், விரலைச் சுட்டுக்கொண்டு தையல் வகுப்புக்கு வந்தாள். அவளுக்கு முழுக் கதையும் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவள் வேலையைக் கெடுக்கவும் இல்லை. நான் கணக்குத் தீர்க்க வேண்டிய ஆள் அவளில்லை.

தம்பி வாக்குறுதி கேட்டான். அந்த வாக்கியத்தை இங்கிலீசிலும் எழுத எனக்குத் தெரியும், எந்தப் பாஷையிலும் எழுதவில்லை. கூட்டத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்றேன், கொடுக்கவில்லை. காரியதரிசி ஆகிவிட்டான், ஆகட்டும். சங்கத்து ஆண்கள் வாசித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? குடும்ப விஷயம் என்று தொண்டையைச் செருமிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

இத்துடன் இரண்டு காகிதங்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவன் விறாந்தைக்குக் காகிதம் எழுதுவிக்க வருகிற பெண்களை முதலில் உன் வீட்டுக்குக் கூப்பிடு. கோப்பி ஊற்றிக்கொடு. உன் வீட்டுக்காரரை இவற்றைத் தமிழில் வாசிக்கச் சொல். அடியில் இருக்கும் என் ஒப்பத்தை எல்லோருக்கும் காட்டு. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு.

சற்குணம்

*

ஈப்போ
6 மார்ச் 1932

அன்புச் சற்குணத்துக்கு,

முழங்கால் தேவலை. நீ எப்படி? பிள்ளைகளின் பேன் உன் தலைக்கு ஏறாமல் பார்.

நீ சொன்னபடி செய்தேன். வாசித்து முடித்ததும் உன் ஒப்பத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். வந்திருந்த மாணிக்கம் ஆச்சி மட்டும் வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியில் இருக்கிற பழைய காகிதங்களை எல்லாம் கொண்டுவந்து, "இதுகளிலை நான் என்னத்துக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறன் எண்டு பார் தம்பி" என்று என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு உன் தம்பியின் விறாந்தையில் நாலு பேர்தான். அதற்கடுத்த வாரம் ஒருத்தி. அவளும் அவன் எழுதிக் கொடுத்ததை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கோவியாதையுங்கோ தம்பி, வேறை ஆரிட்டையும் ஒருக்காக் காட்டிப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது ஞாயிற்றுக்கிழமையில் அவன் வெளியே வருவதில்லை.

நேற்று நடந்ததுதான் பெரிது. அவன் பெண்சாதி, கையில் பச்சைப் பிள்ளையோடு, பின்வாசலால் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய சீதனக் காணிக்கு வேலி அடைப்பதற்கு ஏதோ காகிதமாம், இவன் எழுதி ஒப்பம் கேட்டிருக்கிறான். அவள் அதை என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டி, "இதிலை உண்மையிலை என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை" என்றாள். அவளைத் தேடிக்கொண்டு அவனும் வந்துவிட்டான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இவர் முழுதும் வாசித்தார். வேலியைப் பற்றித்தான் எழுதியிருந்தது, சற்குணம். ஒரு சொல் கூட மாறாட்டமில்லை. அதைக் கேட்ட பிறகும் அவள், "இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள். அவன் அழுதுகொண்டே போய்விட்டான்.

உனக்கு இப்போது ஆறியதா?

நல்லம்மாள்

*

மிஷன் பெண்கள் விடுதி, பினாங்கு
11 மார்ச் 1932

அன்புள்ள நல்லம்மாளுக்கு,

நலம். மங்கை வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரித்தேன். அவன் அழுத இடத்தில் எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்து அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் அவன் அழுதால் நானும் கூட அழுகிறவள் அல்லவா? வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், விடியும்வரை நல்ல நித்திரை.

அவள் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை விபரமாக எழுது.

சற்குணம்